காந்தமும் சொந்தமும்

“காந்தம்தானே, கெடுதல் ஒண்ணும் இல்லையே. வலி போனா லாபம், போகாட்டி ஒரு நல்ல மெத்தை மிச்சம். கொடுக்கிறது வேத்தாளா? நம்ம சித்தப்பா மகன். நாலு பேரைச் சேத்துவிட்டா போட்ட காசும் வந்துரும்.”

காந்த மெத்தையைப் பற்றி முதுகுளத்தூரில் யாராவது முகம் சுளித்தால் கிடைக்கும் பதில் இது. கமுதி, கடலாடி, சாயல்குடிப் பக்கமும் இதே பதில்தான். வார்த்தை கொஞ்சம் முன்பின் மாறும். வாத்தியார் சொல்கிறார், மளிகைக் கடைக்காரர் சொல்கிறார், சவுதியிலிருந்து லீவில் வந்தவர் சொல்கிறார். தனித்தனியே கேட்டால் ஒவ்வொன்றும் நியாயம்போலத்தான் இருக்கிறது. எல்லாமே தவறு என்பது என் கட்சி. அதிலும், அவை ஒன்றுக்கொன்று முட்டுக் கொடுத்து நிற்கிற விதம்தான் இந்த வியாபாரத்தின் உயிர்நிலை.

சரக்கை முதலில் பார்த்துவிடுவோம். மெத்தை, தலையணை, இடுப்புப் பட்டை, முழங்கால் உறை, கைக்காப்பு, கழுத்துப் பதக்கம், செருப்புக்குள் வைக்கும் அட்டை, தண்ணீர் பாட்டிலைச் சுற்றிக் கட்டும் வளையம். உள்ளே இருப்பது சின்னச் சின்ன நிலைக்காந்தத் துண்டுகள். பழைய ஸ்பீக்கரைப் பிரித்தால் பின்பக்கம் கறுப்பாக ஒட்டியிருக்குமே, பெரும்பாலும் அந்த ஃபெரைட் வகை. கடையில் கிடைக்காது. மெத்தைக்குப் பல்லாயிரம், சில கம்பெனிகளில் லட்சத்துக்குப் பக்கம் விலை சொல்கிறார்கள். வாங்கியவர் பெயரில் ஒரு ‘ஐடி’ போடுவார்கள். அவருக்குக் கீழே ஆள் சேர்ந்தால் கமிஷன். அந்த ஆள் சேர்க்கும் ஆளுக்கும் கமிஷன். ஞாயிற்றுக்கிழமை லாட்ஜ் ஹாலிலோ கல்யாண மண்டப மாடியிலோ ‘மீட்டிங்’. கோட்டுப் போட்ட ‘லீடர்’ வந்து பேசுவார். பாதி நேரம் மூட்டுவலி, பாதி நேரம் கார் பங்களா.

இந்தப் பாதிக்குப் பாதியில்தான் சூட்சுமம் இருக்கிறது. ‘இது உண்மையிலேயே நோயைக் குணமாக்குமா?’ என்று அழுத்திக் கேட்டால், ‘அதை விடுங்கண்ணே, பிசினஸ் பிளானைப் பாருங்க’ என்பார்கள். ‘இந்த பிசினஸ் எத்தனை காலம் ஓடும்?’ என்று கேட்டால், ‘காசு கிடக்கட்டும்ணே, உங்க முழங்காலுக்கு விலை உண்டா?’ என்பார்கள். ஒரு சந்தேகத்துக்குப் பதில் இன்னொரு ஆசையில் போய் ஒளிந்துகொள்ளும். சட்டத்துக்கு முன்பும் இதே ஓட்டம்தான். மருத்துவக் கருவி என்றால் உரிமம் கேட்பார்கள். அப்போது அது ‘வெல்னஸ்’ பொருள். பணச்சுழற்சி என்றால் வழக்கு வரும். அப்போது ‘நாங்க பொருள்தானே விக்கிறோம்’. ஆகவே இதை மறுக்கிறவன் இரண்டு வாசலையும் அடைக்க வேண்டியிருக்கிறது.

முதல் வாசல், குணம். மீட்டிங்கில் சொல்லப்படும் விஞ்ஞானம் ஒரு வரிக்குள் அடங்கும்: ரத்தத்தில் இரும்பு இருக்கிறது, காந்தம் இரும்பை இழுக்கும், ஆகவே காந்தம் ரத்த ஓட்டத்தைக் கூட்டும். கேட்பவர் தலையாட்டாமல் என்ன செய்வார்? பள்ளிக்கூடத்தில் காந்தத்தையும் ஆணியையும் வைத்து விளையாடியவர்தானே. ஆனால் ஆணியில் இருக்கும் இரும்பு வேறு, ஹீமோகுளோபினில் இருக்கும் இரும்பு வேறு. ஆணியில் கோடானுகோடி இரும்பு அணுக்கள் கூட்டாக ஒரே திசையில் திரும்பி நிற்க முடிவதால்தான் காந்தம் அதைப் பிடித்திழுக்கிறது. ஹீமோகுளோபின் மூலக்கூறு ஒன்றில் இருப்பதோ நாலே நாலு இரும்பு அணு. அவையும் தனித்தனிக் கூட்டில் பூட்டியிருப்பவை. இதை லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியலும் 1936லேயே அளந்து எழுதிவிட்டார்கள். ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தைக் காந்தம் இழுப்பதே இல்லை. மிக மிக லேசாகத் தள்ளுகிறது. ஆக்சிஜன் இறங்கிய ரத்தத்தை மிக மிக லேசாக இழுக்கிறது. தமனிக்குள் இருதயம் தள்ளுகிற வேகத்துக்கு முன்னால் இரண்டும் ஒன்றுமில்லை.

நம்பாதவர் மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரிக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கப் போய்வந்த யாரையாவது விசாரிக்கலாம். அந்த எந்திரத்தின் காந்தப்புலம் சாதாரணமாக 1.5 டெஸ்லா, அதாவது 15,000 காஸ். மெத்தைக்காரர்கள் பெருமையாகச் சொல்வது 800 காஸ், 1,000 காஸ், மிஞ்சினால் 2,000, 3,000. அதுவும் காந்தத் துண்டின் மேல்பரப்பில் அளந்தது. கொஞ்சம் தள்ளிப் போனாலே புலம் மளமளவென்று விழுந்துவிடும். உறை, பஞ்சு, போர்வை, சேலை எல்லாம் தாண்டி மூட்டுக்குள் போய்ச் சேருவது சொற்பம். 15,000 காஸுக்குள் அரைமணி நேரம் படுத்து எழுந்தவருக்கு ரத்தம் ஒரு பக்கம் குவிந்து முகம் சிவந்ததாகக் கேள்விப்பட்டதுண்டா? ஸ்கேன் எடுக்கப் போனவர் முதுகுவலி தீர்ந்து ரிப்போர்ட் வாங்காமல் திரும்பியதுண்டா?

காந்தத்துக்கு மருத்துவத்தில் இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. எலும்பு கூடாமல் கிடக்கும் முறிவுக்கும், மருந்துக்குக் கட்டுப்படாத மனச்சோர்வுக்கும் காந்தத் துடிப்புக் கருவிகள் உண்டு. தலைக்கு வெளியே வைத்து மூளையைத் தூண்டும் முறைக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2008இல் அனுமதி கொடுத்தது. ஆனால் அங்கே வேலை செய்வது நொடிக்கு நொடி மாறுகிற புலம். மாறுகிற புலம் மின்னோட்டத்தை உண்டாக்கும் என்பது 1831இல் ஃபாரடே கண்டது. மெத்தைக்குள் தைத்த துண்டு எதையும் மாற்றாமல் கிடக்கிறது. இரண்டுக்கும் காந்தம் என்று ஒரே பெயர் இருப்பதுதான் லீடருக்கு வசதி.

சோதித்துத்தான் பார்த்தார்களா என்றால், பார்த்திருக்கிறார்கள். மீட்டிங்கில் காட்டப்படும் ஆராய்ச்சி பெரும்பாலும் 1997இல் அமெரிக்காவின் பேய்லர் மருத்துவக் கல்லூரியில் போலியோவுக்குப் பின் வலியால் அவதிப்பட்ட 50 பேரிடம் நடந்தது. அதில் காந்தம் வைத்தவர்களுக்கு வலி குறைந்தது உண்மை. அதற்குப் பிறகு நடந்தவற்றை யாரும் காட்டுவதில்லை. 2000இல் நாள்பட்ட இடுப்புவலிக்காரர்கள் 20 பேரிடம் நிஜக் காந்தத்தையும் பொய்க் காந்தத்தையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்ததில் வித்தியாசம் இல்லை. 2003இல் குதிகால் வலிக்காரர்கள் 101 பேருக்குச் செருப்புக் காந்தம் கொடுத்ததிலும் இல்லை. 2007இல் இத்தகைய சோதனைகளையெல்லாம் ஒன்றாகக் கூட்டி ஆராய்ந்து கனடா மருத்துவச் சங்கத்தின் இதழில் எழுதினார்கள்: வலிக்கு நிலைக்காந்தம் உதவும் என்பதற்கு ஆதாரம் இல்லை, மூட்டுத் தேய்மானத்துக்கு மட்டும் ஒரு சின்ன வாய்ப்பை முழுதாகத் தள்ள முடியவில்லை, மேலும் ஆராய வேண்டும். 2013இல் இங்கிலாந்தில் யார்க் பல்கலைக்கழகத்தினர் முடக்குவாத நோயாளிகள் 70 பேருக்குக் காந்தப் பட்டையும் தாமிர வளையமும் கட்டிப் பார்த்தார்கள். பலன் இல்லை. ‘முழுதாகத் தள்ள முடியவில்லை’ என்கிற அந்த ஒரு சந்து லட்ச ரூபாய் மெத்தைக்குப் போதாது. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, கிட்னிக் கல், கர்ப்பப்பைக் கட்டி என்று மீட்டிங்கில் நீளும் பட்டியலுக்கு நிச்சயம் போதாது.

‘ஆயிரம் ஆராய்ச்சி சொல்லுங்க. எங்க மதினிக்கு வலி குறைஞ்சதே, அது பொய்யா?’

பொய்யில்லை. இந்தக் கேள்வியை எள்ளி நகையாடுபவர்கள்தான் விஷயம் புரியாதவர்கள். மிளகாய்க் கொல்லையில் நாள் முழுக்கக் குனிந்து பழம் எடுக்கிற பெண்ணுக்கும், சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவருக்கும் இடுப்பும் முழங்காலும் என்ன பாடு படும் என்பது வானம் பார்த்த இந்தப் பூமிக்குத் தெரியும். அந்த வலி ஏறி இறங்கும் தன்மை உள்ளது. தாங்க முடியாமல் போகும் உச்சத்தில்தான் மனிதர் மெத்தை வாங்குகிறார். உச்சத்திலிருந்து அடுத்து எங்கே போகும்? இறங்கத்தான் செய்யும். புதிதாக வந்த இடுப்புவலி பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடுகிறது. அந்தச் சில வாரமும் அவர் காந்தத்தின் மேல் படுத்திருக்கிறார். பேர் காந்தத்துக்குப் போகிறது. கயிற்றுக் கட்டிலில் முதுகு தொங்கப் படுத்தவர் தட்டையான கெட்டி மெத்தைக்கு மாறியதும் ஒரு காரணமாக இருக்கலாம். இவ்வளவு காசு போட்டோமே என்கிற நினைப்பும் ஒரு வேலை செய்யும்.

நினைப்பு செய்யும் வேலையை இருநூறு வருடத்துக்கு முன்பே ஒருவர் அளந்து காட்டினார். அமெரிக்காவில் எலிஷா பெர்கின்ஸ் என்ற வைத்தியர் 1796இல் இரண்டு சின்ன உலோகக் கம்பிகளுக்குக் காப்புரிமை வாங்கி, வலிக்கிற இடத்தில் தடவினால் நோயை இழுத்துவிடும் என்று விற்றார். லண்டனில் அது ஐந்து கினி. சீமான்களும் சீமாட்டிகளும் வாங்கினார்கள். 1799இல் ஜான் ஹேகார்த் என்ற மருத்துவர் பாத் நகர ஆஸ்பத்திரியில் மரக்கட்டையில் அதே மாதிரி செய்து, உலோகம் போல வர்ணம் பூசி, வாத நோயாளிகள் ஐந்து பேருக்குத் தடவினார். நாலு பேருக்கு வலி குறைந்தது. மறுநாள் அசல் உலோகக் கம்பியைத் தடவியபோதும் அதே பலன்தான், கூடவும் இல்லை குறையவும் இல்லை. அந்த நாலு பேரும் பொய் சொல்லவில்லை, நம் மதினி சொல்லாதது போலவே. கட்டைக்கு ஐந்து கினி கொடுக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

டெமோ என்று ஒன்று நடக்கிறதே, அதையும் சொல்லிவிட வேண்டும். கையை நீட்டச் சொல்லி அழுத்துவார்கள், தடுமாறுவீர்கள். பதக்கத்தைக் கையில் கொடுத்து மறுபடி அழுத்துவார்கள், அசையாமல் நிற்பீர்கள். அழுத்துகிற கை உடம்பை விட்டு வெளிப்பக்கம் போகிறதா, உடம்பை நோக்கி உள்ளே வருகிறதா என்பதில் இருக்கிறது வித்தை. போதாததற்கு, இரண்டாவது முறை நீங்களும் தயாராக நிற்கிறீர்கள். பவர் பேலன்ஸ் என்ற கைப்பட்டை உலகமெல்லாம் இப்படித்தான் விற்றது. ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் 2010 டிசம்பரில் பிடித்துக் கேட்டதும், எங்கள் கூற்றுக்கு நம்பத்தகுந்த அறிவியல் ஆதாரம் கிடையாது என்று கம்பெனியே எழுதிக் கொடுத்துக் காசைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. இன்னொன்று, கையில் கம்பியைக் கொடுத்து லேப்டாப்பில் முப்பது பக்க ரிப்போர்ட் எடுக்கும் ‘குவாண்டம் அனலைசர்’. பெயர், வயது, உயரம், எடை கேட்டுத் தட்டிய பிறகு ஒரு நிமிடத்தில் கல்லீரல் முதல் கால்சியம் வரை சொல்லும். ஒரு சொட்டு ரத்தம் எடுக்காமல், கம்பியைப் பிடித்த பிடியில் கொழுப்பையும் வைட்டமினையும் அளக்கும் வித்தை உலகத்தில் எந்த ஆய்வகத்திலும் கிடையாது.

இனி, ‘கெடுதல் ஒண்ணும் இல்லையே’ என்ற வாதம். இருப்பதிலேயே ஆபத்தானது இதுதான். கேட்கச் சாதுவாக இருப்பதால்.

இருதயத்துக்கு பேஸ்மேக்கர் வைத்தவரின் நெஞ்சருகே காந்தம் வந்தால் அந்தக் கருவி தன் இயல்பான ஓட்டத்தை விட்டு நிலையான துடிப்புக்கு மாறிவிடும். மருத்துவர்கள் வேண்டுமென்றே காந்தம் வைத்து அப்படி மாற்றுவதுண்டு. காந்தத் தலையணை அதைக் கேட்காமலே செய்யும். இந்த எச்சரிக்கையையாவது சில கம்பெனிகள் சிறிய எழுத்தில் போடுகின்றன. போடாத கெடுதல் ஒன்று இருக்கிறது: மாத்திரையை நிறுத்துவது. ‘மூணு மாசம் மெத்தையில படுங்க, மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சுக்கலாம்’ என்று காதோடு சொல்லப்படும் வாக்கியம் எந்த நோட்டீசிலும் அச்சாகாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆதரவில் நடந்து 2023இல் வெளிவந்த ஆய்வின்படி தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை இருக்கிறது. ஏழில் ஒருவர் என்று வையுங்கள். சர்க்கரைக்கும் கொதிப்புக்கும் மாத்திரை விட்ட அன்றைக்கே ஒன்றும் ஆகாது. வலிக்காது. சொன்னவர் சொன்னது சரியாகப் போனதுபோலத் தோன்றும். பிறகு ஒருநாள் காலில் புண், கண்ணில் மங்கல், கிட்னியில் கோளாறு, பக்கவாதம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இந்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே இலவசமாகக் கொண்டுவருகிறது. இலவசமாக வருவதை நிறுத்தச் சொல்லும் குரல் லட்ச ரூபாய்ப் பொருளோடு அதே வாசலில் நிற்கிறது. இரண்டில் எது உறவுக்காரக் குரல் என்பதை வைத்து முடிவெடுக்கும் வீடுகள் உண்டு.

‘டாக்டர்கள் மட்டும் யோக்கியமா? ஒரு தலைவலிக்கு எட்டு டெஸ்ட். முழங்கால்னா உடனே ஆபரேஷன்’ என்று திருப்பிக் கேட்பார்கள். கேட்கட்டும், அந்தக் கோபத்தில் பாதிக்குமேல் நியாயம் இருக்கிறது. இங்கிருந்து ஒரு ஸ்கேனுக்குப் பரமக்குடிக்கும் மதுரைக்கும் பஸ் ஏறி, வேலை கெட்டு, கமிஷன் ஸ்கேன் எடுத்துத் திரும்பியவருக்கு வெள்ளைக் கோட்டின் மேல் மரியாதை எப்படி இருக்கும்? நம் ராமநாதபுரத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்ததே 2022இல்தான். அத்தனை காலம் ஆஸ்பத்திரி எட்டாத தூரத்தில் இருந்த மாவட்டத்தில், வீடு தேடி வந்து கையைப் பிடித்து ‘எங்க வலிக்குது’ என்று கேட்கிறவர் பெரிய மனிதராகத்தான் தெரிவார். ஆனாலும் ஒரு வித்தியாசத்தை மறக்கக் கூடாது. டாக்டர் சீட்டு எழுதுகிறார். தன் பெயர், பதிவு எண், தேதி போட்டு எழுதுகிறார். தவறு செய்தால் அந்தச் சீட்டே சாட்சி. மருத்துவ சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் சாந்தா வழக்கில் 1995லேயே சொல்லிவிட்டது. லீடர் எதையாவது எழுதித் தந்ததைப் பார்த்திருக்கிறீர்களா? டாக்டர் மேல் உள்ள கோபம், டாக்டரைவிடப் பொறுப்பில்லாதவரிடம் போய்ச் சேருவதற்குக் காரணமாகலாமா?

இரண்டாவது வாசல், வருமானம். இதற்கு விஞ்ஞானம் வேண்டாம், பெருக்கல் போதும். ஆளுக்கு ஐந்து பேர் என்று வைப்போம். 5, 25, 125, 625, 3,125, 15,625, 78,125, 3,90,625. ஒன்பதாவது படியில் 19,53,125. 2011 மக்கள்தொகைக் கணக்கில் ராமநாதபுரம் மாவட்டம் முழுவதும், கைக்குழந்தை உட்பட, 13,53,445 பேர். ஒன்பதாம் படியில் மாவட்டமே தீர்ந்துபோகும். இதைவிட முக்கியமான கணக்கு ஒன்று உண்டு, லீடர் போர்டில் எழுதாதது. இந்தச் சங்கிலி எந்தப் படியில் நின்றாலும் மொத்த ஆட்களில் ஐந்தில் நாலு பங்குப் பேர் கடைசிப் படியில்தான் இருப்பார்கள், தமக்குக் கீழே யாருமில்லாமல். ஆகவே ‘உழைச்சா மேல வரலாம், தோத்தவன் சோம்பேறி’ என்பது அபாண்டம். எண்பது பேர் தோற்பது அந்த அமைப்பின் வடிவத்திலேயே இருக்கிறது. நூறு பேரும் மாடாய் உழைத்தாலும் எண்பது எண்பதுதான்.

பொருள் ஏன் இவ்வளவு விலை என்பதற்கும் இதுதான் விடை. மேலே பத்துப் படிக்கு ஏற வேண்டிய கமிஷன் எல்லாம் அந்த ஒரு மெத்தையின் விலைக்குள்தான் இருக்க வேண்டும், வேறெங்கிருந்து வரும்? சாதாரண மெத்தைக்கு அந்த விலை சொல்ல முடியாது. எதிர்க்கடைக்காரன் பாதி விலைக்குத் தருவான். ஒப்பிட்டுப் பார்க்க முடியாத பொருளாக இருக்க வேண்டும். அதனால்தான் அதற்குள் காந்தம் போகிறது. நோயைக் குணமாக்கும் கதை அந்த விலைக்காக வந்தது. வருமானம் பார்க்க வேண்டியவர் குணமானதாகச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் அவருக்குக் கீழே யாரும் சேர மாட்டார்கள். வாங்கியவரே சாட்சி, சாட்சியே விற்பனையாளர். இப்படிப்பட்ட சாட்சியை எந்தக் கோர்ட்டில் ஏற்பார்கள்?

‘ஜப்பான் டெக்னாலஜி’ என்று அடித்துப் பேசுகிறார்களே, ஜப்பானில் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். 1975இல் தொடங்கிய ஜப்பான் லைஃப் என்ற கம்பெனி காந்தக் கழுத்தணி, காந்த உள்சட்டை, காந்தப் படுக்கை விற்றது. பின்னாளில் அதன் திட்டம் இப்படி: 10 லட்சம் முதல் 60 லட்சம் யென் வரை கொடுத்துக் காந்தப் பொருளை வாங்குங்கள், எடுத்துக்கொண்டு போக வேண்டாம், நாங்களே அதை வாடகைக்கு விட்டு வருடம் 6 சதவீதம் தருகிறோம். முதியவர்கள் ஓய்வூதியச் சேமிப்பைக் கொட்டினார்கள். வாடகைக்கு விடும் அளவுக்குப் பொருளே கம்பெனியில் இல்லை. புதியவர் கொடுத்ததைப் பழையவருக்குக் கொடுத்து ஓட்டியிருக்கிறார்கள். ஜப்பான் நுகர்வோர் விவகார முகமை 2016 டிசம்பரிலிருந்து ஓராண்டுக்குள் நாலு முறை வியாபாரத்தை நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டது. 2018இல் கம்பெனி திவால். கடன் சுமார் 24,000 கோடி யென். 2020இல் முன்னாள் தலைவர் யமாகுச்சி தகாயோஷி கைதானார். 2022இல் தோக்கியோ மாவட்ட நீதிமன்றம் எட்டு ஆண்டுச் சிறை விதித்தது. கெட்டிக்காரத்தனம் இன்னொன்று: 2015இல் பிரதமர் ஷின்சோ அபே நடத்திய செர்ரிப்பூ விருந்துக்கு இவருக்கு வந்த அழைப்பிதழை விளம்பரத்தில் காட்டி ஆள் பிடித்திருக்கிறார்கள். நம் ஊர் மீட்டிங்கில் மந்திரியோடும் நடிகரோடும் எடுத்த போட்டோவைத் திரையில் போடுகிறார்களே, அதன் தாய்வீடு எது என்று தெரிகிறதா?

தமிழ்நாட்டுக்கு இது புதிதும் அல்ல. தங்கக் காசும், தண்ணீருக்குச் சக்தியேற்றும் என்று சொல்லிப் ‘பயோ டிஸ்க்’ என்ற கண்ணாடி வட்டும் விற்ற க்வெஸ்ட்நெட் மேல் 2008இல் சென்னை மத்தியக் குற்றப்பிரிவு நடவடிக்கை எடுத்தது. அதே குழுமம் பிறகு க்யூநெட் என்ற பெயரில் வந்தபோது 2013இல் மும்பைப் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிந்தது. தாங்கள் செய்வது முறையான நேரடி விற்பனைதான் என்பது கம்பெனியின் பதில். துபாய், ஷார்ஜா அறைகளில் இரண்டடுக்குக் கட்டிலில் கிடந்து சம்பாதித்த நம் மாவட்டத்துக்காரர் பலருக்கு அந்தப் பெயர்கள் புதிதாக இருக்காது. 2024 ஜனவரியில் கோவை நீலாம்பூரில் நடந்தது வேறுவகை வேடிக்கை. காசு கட்டி உறுப்பினராகி விளம்பரம் பார்த்தால் வருமானம், கூடவே மூலிகைப் பொருட்கள் என்று சொன்ன மைவி3 ஆட்ஸ் கம்பெனிமேல் போலீஸ் வழக்குப் போட்டதும், ஆயிரக்கணக்கானோர் திரண்டுவந்தது கம்பெனியை எதிர்த்து அல்ல, ஆதரித்து. பார்த்தவர்கள் மூடர்கள் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கம்பெனி விழுந்தால் தன் காசு போகும். அதோடு, தன் பேச்சைக் கேட்டுச் சேர்ந்த தங்கச்சி வீட்டுக்காரரின் முகத்தில் எப்படி விழிப்பது? ஏமாற்றத்தை ஒப்புக்கொள்ள முடியாத இடத்தில்தான் சங்கிலி ஒவ்வொருவரையும் நிறுத்துகிறது.

‘நம்ம சித்தப்பா மகன்’ என்ற வாதத்துக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. அவர் ஏமாற்ற வரவில்லை, ஏமாந்துவிட்டு வந்திருக்கிறார். கம்பெனிக்கு முதுகுளத்தூரில் கடையும் இல்லை, விளம்பரச் செலவும் இல்லை. மூன்று தலைமுறையாகக் கல்யாணம், காதுகுத்து, கந்தூரி, எழவு என்று கொடுத்தும் வாங்கியும் சேர்ந்த நம்பிக்கையை அது காசில்லாமல் எடுத்துக்கொள்கிறது. மறுத்தால் உறவு கெடும் என்று மெத்தை வாங்கியவர்களை எண்ணிப் பார்த்தால், வலிக்காக வாங்கியவர்களைவிட அதிகமாக இருப்பார்கள் என்பது என் ஊகம். ‘அவரவர் காசு, அவரவர் விருப்பம்’ என்று ஒதுங்குவது அதனால்தான் சரியில்லை. சந்தையில் கத்திரிக்காய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடக்கலாம். மாமனாரிடம் அப்படிச் சொல்லிவிட்டு அவர் வீட்டு விசேஷத்துக்குப் போக முடியுமா?

‘கம்பெனி ரிஜிஸ்டர் ஆனது, ஜி.எஸ்.டி. கட்டுது’ என்பது கடைசிக் கேடயம். பதிவும் வரியும் ஒரு கம்பெனி இருக்கிறது என்பதற்குச் சான்று. அது சொல்வது உண்மை என்பதற்கு அல்ல. சட்டம் வேறு இடத்தில் இருக்கிறது. 1954ஆம் ஆண்டின் மருந்து, மாய வைத்தியம் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டத்தின் அட்டவணையில் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, புற்றுநோய், பக்கவாதம் உள்ளிட்ட 54 நோய்கள் இருக்கின்றன. அவற்றைக் குணமாக்குவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதே குற்றம். அந்தச் சட்டம் தாயத்தையும் கவசத்தையும்கூட விடவில்லை. மணிக்கட்டுக் காந்தத்தை நான் அந்த வரிசையில்தான் வைப்பேன். நோய் தீர்க்க, வலி தணிக்க என்று விற்கும் எந்தக் கருவியும் 2020 ஏப்ரல் முதல் மருந்துச் சட்டத்துக்குள் வருகிறது; ஆக, குணமாகும் என்று சொன்னால் உரிமத்தைக் காட்ட வேண்டும். 1978ஆம் ஆண்டுச் சட்டம் பணச்சுழற்சித் திட்டத்தைத் தடைசெய்கிறது. 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகள், சேர்வதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது, பொருளைத் திருப்பித் தர அவகாசம் தர வேண்டும், அடையாள அட்டையும் முன் அனுமதியும் இல்லாமல் வீட்டு வாசல் ஏறக் கூடாது, பிரமிடு முறை கூடவே கூடாது என்கின்றன. தனுஷ்கோடிக்கு அந்தப் பக்கம் இலங்கையிலோ, பிரமிடுத் திட்டத்தை வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவிலேயே குற்றமாக்கி, தடைசெய்த திட்டங்களின் பெயர்களை மத்திய வங்கி பகிரங்கமாக வெளியிடுகிறது. இங்கே சட்டத்துக்குப் பஞ்சமில்லை. மீட்டிங் நடக்கும் ஹாலுக்கு வந்து கேட்கிற அதிகாரிக்குத்தான் பஞ்சம்.

அதனால் கேட்கிற வேலை நம் தலையில் விழுகிறது. சண்டை வேண்டாம், உறவு முறிய வேண்டாம். ‘மச்சான், மீட்டிங்ல சொன்னதைக் கம்பெனி லெட்டர்பேடுல எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்கிட்டு வாங்க: இன்ன நோய் இத்தனை மாசத்துல குணமாகும், ஆகாட்டி பணம் வாபஸ்னு. நாளைக்கே ஐடி போட்டுக்கிறேன்’ என்று சொல்லிப் பார்க்கலாம். எழுதினால் 1954ஆம் ஆண்டுச் சட்டம் வரும் என்று கம்பெனிக்குத் தெரியும். மச்சானுக்குத் தெரியாது, லெட்டர் வராதபோது அவருக்கும் ஏதாவது புரியலாம்.

ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டவர் செய்ய வேண்டியது வேறு. மாத்திரையை நிறுத்தியிருந்தால் இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும். மெத்தைக் கணக்கை அப்புறம் தீர்க்கலாம். பில், வங்கியில் பணம் போன சான்று, வாட்ஸ்அப்பில் வந்த ‘குணமாகும்’ வீடியோ எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, முதலில் கம்பெனியின் குறைதீர் அலுவலருக்கு எழுத வேண்டும். அப்படி ஒருவரை வைத்திருப்பது அவர்கள் கடமை. பொதுவாக ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மேலே ராமநாதபுரத்தில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஒன்றே ஒன்று, வழக்குக்குக் காரணமான நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். போட்ட காசை எடுக்கக் கீழே ஆள் தேடி அலைவதிலேயே பலருக்கு அந்த இரண்டு வருடமும் போய்விடுகிறது.